எந்தக் கோலால் அளக்கிறீர்கள்?

மலைப்பகுதிகளில் உழுது பிழைக்கும் சிறு விவசாயக் குடும்பங்களை முதலில் வகை பிரிக்க வேண்டும். பிரித்த பிறகே ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற வளங்குன்றா வேளாண்மையைப் பரிந்துரைக்க வேண்டும். வேளாண் ஆய்வுலகில் இன்று இது ஏறத்தாழ வேதவாக்கு. இமயமலைச் சரிவானாலும், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலமானாலும், ஆண்டீஸ் மலைத்தொடரானாலும் செய்முறை ஒன்றுதான். சில நூறு குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, உழைக்கும் கைகள் எத்தனை, வெளியூர் வருமானம் உண்டா, உரம் எவ்வளவு என்று ஒரு நீண்ட வினாப்பட்டியலை நீட்டுவார்கள். விடைகளைக் கணினியில் இட்டு, முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு, கொத்துப் பகுப்பாய்வு என்னும் இரு சல்லடைகளில் சலிப்பார்கள். மூன்றோ நான்கோ ஐந்தோ வகைகள் கிடைக்கும். ‘சந்தையைச் சார்ந்த குடும்பங்கள்’, ‘தன்தேவைக் குடும்பங்கள்’, ‘கூலியை நம்பும் குடும்பங்கள்’ என்று பெயர் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்துச்சீட்டும் எழுதிவிடுவார்கள்.

வகைப்பாடே கூடாது என்பதல்ல நமது வாதம். எல்லா விவசாயிக்கும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே அறிவுரை என்று சமவெளிக்காக வகுத்த திட்டங்களை மலைமேல் ஏற்றியதன் விளைவை நாம் அறிவோம். அதனோடு ஒப்பிட்டால், குடும்பங்களுக்குள் வேறுபாடு உண்டு என்று ஒப்புக்கொள்வதே பெரிய முன்னேற்றம். நாம் கேட்பது வேறு. எந்தக் கோலால் அளக்கிறீர்கள்? எந்த நாளில் அளக்கிறீர்கள்? அளக்கப்பட்டவருக்கு அந்த அளவை மறுத்துப் பேச வழி உண்டா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாத எந்த வகைப்பாடும், எவ்வளவு நுட்பமான கணிதத்தால் ஆனதாயினும், மலைக்குடிக்கு ஒரு முத்திரையைத் தருமேயன்றி உதவியைத் தராது.

*

முதலில் அரசின் கோலை எடுத்துக்கொள்வோம். 1970-71 முதல் நடந்துவரும் வேளாண் கணக்கெடுப்பு, விவசாயிகளை ஐந்தாகப் பிரிக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகச் சாகுபடி செய்பவர் குறு விவசாயி. ஒன்று முதல் இரண்டு வரை சிறு விவசாயி. பிறகு அரை நடுத்தரர், நடுத்தரர், பத்து ஹெக்டேருக்கு மேல் பெரு விவசாயி. 2015-16 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி உடைமைகளில் சுமார் 86 விழுக்காடு முதல் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழகத்தின் சராசரி உடைமையோ 0.75 ஹெக்டேர்தான். நூறு மணிகளைக் கொட்டினால் எண்பத்தாறும் ஒரே இடத்தில் விழும் சல்லடையை எந்த வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கடனும் மானியமும் பல வேளைகளில் அந்தச் சல்லடையை நம்பியே வழங்கப்படுகின்றன. 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம்கூட முதலில் இரண்டு ஹெக்டேர் வரம்போடுதான் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வரம்பு நீக்கப்பட்டது. நில ஆவணத்தில் பெயர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் அந்தத் திட்டத்தின் கண்ணில் விவசாயியே அல்லர்.

சமவெளியிலேயே குறையுள்ள இந்தக் கோல் மலைமேல் இன்னும் வளைந்துபோகிறது. ஊற்றுநீர் தேங்கும் பள்ளத்தில் நெல் விளையும் ஒரு ஹெக்டேரும், கல்லும் மண்ணுமாய்ச் சரிந்து கிடக்கும் மேட்டில் சாமை விளையும் ஒரு ஹெக்டேரும், நிழல்மரத்தில் மிளகு படர்ந்த ஒரு ஹெக்டேரும் ஏட்டில் ஒன்றே. கணக்கெடுப்பு பாசன விவரத்தையும் பயிர் விவரத்தையும் தனியே சேகரிக்கத்தான் செய்கிறது. என்றாலும் ‘குறு’, ‘சிறு’ என்ற பெயரைத் தீர்மானிப்பது பரப்பு மட்டுமே. சரிவு எவ்வளவு, மண்ணாழம் எவ்வளவு, விளைச்சலைத் தலைச்சுமையாக எத்தனை தொலைவு கொண்டுபோக வேண்டும் என்பவை அந்தப் பெயரைத் தொடுவதே இல்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்று, 2018-19ஆம் ஆண்டில் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்றது. அதில் கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். பயிரில் கிடைத்தது 3,798 ரூபாய். கால்நடையில் 1,582 ரூபாய். விவசாயக் குடும்பம் என்று நாம் அழைக்கும் ஒன்றுக்கு பயிரைவிடக் கூலியே மிகுதியாகச் சோறு போடுகிறது என்பதுதான் இதன் பொருள். அந்தப் பெயருக்கே இலக்கணம் நிலையாக இருந்ததில்லை. 2003ஆம் ஆண்டு ஆய்வில் விவசாயக் குடும்பமாக எண்ணப்பட நிலம் வேண்டும். 2012-13இல் நிலம் வேண்டாம், ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் விளைபொருள் வேண்டும். 2018-19இல் அது 4,000 ஆயிற்று. மாற்றங்களுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் டெல்லியில் ஒரு வரி திருத்தப்படும்போது எங்கோ ஒரு சரிவில் உள்ள குடும்பம் விவசாயி ஆகிறது, அல்லது விவசாயி அல்லாதது ஆகிறது. அந்த மாற்றம் அந்தக் குடும்பத்துக்குத் தெரிவதுகூட இல்லை.

*

கொல்லிமலைக்கு வருவோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் மண். (மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது; கேரளத்தாரைக் குறிப்பதன்று.) சாமையும் கேழ்வரகும் தினையும் வரகும் பனிவரகும் ஒரு காலத்தில் அங்கே முதன்மை உணவு. மலைப்பாதை வந்தது, கீழே சேலம், நாமக்கல், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவை பெருகியது, மேட்டுக்காடுகளில் மரவள்ளி ஏறியது. மரவள்ளி சத்தை உறிஞ்சும் பயிர் என்பதும், சரிவில் தொடர்ந்து நட்டுப் பிடுங்கினால் மண் கரைந்தோடும் என்பதும் உண்மையே. சிறுதானியத்தின் பரப்பு சுருங்கியதும் உண்மையே.

இங்கே வகைப்பாட்டாளர் வந்து நிற்கிறார். சாமை விதைக்கும் குடும்பம் ‘மரபுசார், வளம்காக்கும் வகை’. மரவள்ளி நடும் குடும்பம் ‘சந்தைசார், வளம்சிதைக்கும் வகை’ என்று அவருடைய கொத்துகள் சொல்லும். முன்னதைப் போற்றவேண்டும், பின்னதைத் திருத்தவேண்டும் என்று பரிந்துரை எழுதுவார். ஆனால் அந்த இருவரும் பெரும்பாலும் ஒருவரே. பள்ளத்து வயலில் நெல், மேட்டில் மரவள்ளி, அதற்கும் மேலே எட்டாத துண்டில் சாமை, வீட்டைச் சுற்றி வாழையும் பலாவும் என்று ஒரே குடும்பம் நான்கு விதமாக உழுகிறது. நான்கில் எதை வைத்து அதற்குப் பெயர் சூட்டுவீர்கள்?

அந்தக் குடும்பம் ஏன் மரவள்ளிக்கு நகர்ந்தது என்பதை வினாப்பட்டியல் கேட்பதில்லை. சாமையின் உமியை நீக்குவது நெல் குத்துவதைவிடக் கடினம். தலைமுறை தலைமுறையாக உரலும் உலக்கையுமாக அந்தப் பாட்டைப் பட்டவர்கள் பெண்கள். தமிழகத்தில் 2008இல் நியாயவிலைக் கடை அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 முதல் இலவசமாயிற்று. பசி தீர்க்கும் அரிசி கடையில் கிடைக்கும்போது, தோள் நோகச் சாமை குத்துவதற்கு எந்தப் பெண் விரும்புவாள்? விலையில்லா அரிசி மலைக்குடியின் பசியைப் போக்கியது. அதைக் குறை சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் உணவாக இருந்த சாமைக்கு அடுக்களையில் வேலை குறைந்தபின், அந்த நிலத்தில் காசு தரும் பயிர் வந்து உட்கார்ந்தது இயல்பு. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவும், வெளியூர்க் கூலிக்குப் போன கைகள் குறைந்தபோது குறைந்த ஆளைக் கொண்டு காட்டைச் சமாளிக்கவும் மரவள்ளி பயன்பட்டது. இதில் குடும்பத்தின் குணம் எங்கே இருக்கிறது? நெருக்கடிகளின் கூட்டுத்தொகைதான் இருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் ‘வகை’ என்று பெயரிடுகிறீர்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கச் செய்த பணிகளில் நமக்குப் பாடமாக அமைவது, ஊரிலேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்களை நிறுவியது. அந்த இயந்திரம் ‘முற்போக்கு விவசாயி’யின் சாமையையும் ‘பின்தங்கிய விவசாயி’யின் சாமையையும் ஒன்றுபோலவே உமி நீக்கும். தடை எதுவென்று கண்டு அதை நீக்கினால் பயன் எல்லா வகைக்கும் போய்ச் சேரும். ஆளைப் பிரிப்பதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது தடையைப் பிரித்தறியச் செலவிடலாகாதா?

குடும்பம் என்ற அலகையும் நாம் சந்தேகிக்கவே வேண்டியிருக்கிறது. வேளாண் கணக்கெடுப்பு ஓர் உடைமைக்கு ஒரு சாகுபடியாளர் பெயரை எழுதுகிறது. 2015-16இல் அவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. விதையைத் தேர்ந்து காப்பவளும், களையெடுப்பவளும், உமி நீக்குபவளும் பெண்ணாக இருக்க, ‘குடும்பத் தலைவர்’ சொன்ன விடையே குடும்பத்தின் விடையாகிறது. சாமையிலிருந்து மரவள்ளிக்குப் போவதால் அவளுடைய தோள்வலி குறைகிறது. ஆனால் தானியமாக அவள் கையில் இருந்த விளைச்சல், காசாக அவன் கைக்குப் போய்விடவும் கூடும். ஒரே வீட்டுக்குள் இரண்டு கணக்குகள். கொத்துப் பகுப்பாய்வு அவற்றைக் கூட்டிச் சராசரி கண்டு ஒரு புள்ளியாக்கிவிடுகிறது.

*

முத்திரை விளைவிக்கும் தீங்குக்கு இன்னொரு மலையிலிருந்து ஒரு சான்று. தமிழகத்தின் பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்கு அடுத்து மாவட்டங்களின் பெயர்கள் உள்ளன: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. நாமக்கல் பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதால் கொல்லிமலையார் பழங்குடியினர். ஈரோடு அந்த வரிசையில் இல்லை. எனவே பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்று கேட்டுப் பல்லாண்டுகள் போராட வேண்டியதாயிற்று.

இது சாதிச் சான்றிதழோடு முடியும் விவகாரம் அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடிக் குடும்பம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தைப் பயன்படுத்தி வந்ததைக் காட்டினால் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பட்டியலில் இல்லாதவர் ‘இதர மரபுவழி வனவாசி’ ஆகிறார். அவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அந்த வனப்பகுதியில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. பட்டா கிடைக்குமா என்று தெரியாத நிலத்தில் கல்வரப்பு போடுவதற்கும், பத்தாண்டு கழித்துப் பயன்தரும் மரத்தை நடுவதற்கும் யாருக்கு மனம் வரும்? ‘இவ்வகைக் குடும்பங்கள் மண்வளப் பாதுகாப்பில் ஆர்வம் காட்டுவதில்லை’ என்று பின்னர் எழுதப்படும் ஆய்வறிக்கை, ஒரு வகைப்பாட்டின் விளைவை இன்னொரு வகைப்பாட்டின் காரணமாகக் காட்டுவதாகவே இருக்கும்.

*

விவசாயக் குடும்பங்களை வகைபிரிப்பது பற்றிய சச்சரவு புதிதன்று. அதன் கொடிய அத்தியாயம் மலைநாட்டில் அன்று, ருஷ்யச் சமவெளியில் எழுதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கிராமக் கணக்காளர்கள் குடும்பங்களைக் குதிரைகளின் எண்ணிக்கையால் பிரித்தார்கள்: குதிரையற்றோர், ஒற்றைக் குதிரையோர், பல குதிரையோர். அத்தகைய புள்ளிவிவரங்களை வைத்தே 1899இல் லெனின், ருஷ்ய விவசாயிகள் முதலாளிகளாகவும் கூலிகளாகவும் பிளவுபடுகிறார்கள் என்று வாதிட்டார். அலெக்சாந்தர் சயானோவ் என்ற வேளாண் பொருளியலாளர் வேறொன்றைக் கண்டார். இளம் தம்பதிக்குக் குழந்தைகள் பிறக்கும்போது உண்ணும் வாய்கள் மிகுதி, உழைக்கும் கைகள் குறைவு. பிள்ளைகள் வளர்ந்ததும் கைகள் பெருகுகின்றன, உழும் நிலமும் பெருகுகிறது. அவர்கள் பிரிந்து போனதும் மீண்டும் சுருங்குகிறது. இன்று ‘ஏழை’, ‘செல்வன்’ என்று பிரிக்கப்படும் இருவரில் பலர் ஒரே வாழ்க்கையின் இருவேறு வயதுகளில் நிற்பவர்களாக இருக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். (இலக்கிய வாசகர்களுக்கு ஒரு செய்தி: 1920இல் இவான் கிரெம்னேவ் என்ற புனைபெயரில் விவசாயிகளின் கற்பனைப் பொன்னுலகம் ஒன்றைப் பற்றிக் குறுநாவல் எழுதியவரும் இவரே. கதை நிகழும் ஆண்டு 1984.)

1930 ஜனவரியில் சோவியத் தலைமை ‘குலாக்’ குடும்பங்களை மூன்று பிரிவுகளாக்கி ஒழிக்க முடிவெடுத்தது. 1930, 31ஆம் ஆண்டுகளில் மட்டும் சுமார் 18 இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டார்கள். யார் குலாக் என்று மறுத்துப் பேச இடமிருக்கவில்லை. சயானோவ் 1930இல் கைதானார், 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார், 1987இல்தான் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார்.

வினாப்பட்டியலோடு மலையேறும் ஆய்வு மாணவரை அந்தக் கொடுமையாளர்களோடு நாம் ஒப்பிடவில்லை. ஆனால் குடும்பம் ஓர் ஓட்டம், ஒரு நாள் எடுத்த நிழற்படத்தை வைத்து அதற்குப் பெயரிடுவது பிழை என்று சயானோவ் சொன்னது இன்றைய கொத்துகளுக்கும் பொருந்தும். எத்தனை கொத்துகள் வேண்டும், எந்தெந்த மாறிகளை இடவேண்டும் என்பதை ஆய்வாளரே தேர்கிறார் என்பதைப் புள்ளியியல் அறிந்தவர் மறுக்கமாட்டார். மாறிகளை மாற்றினால் வகைகள் மாறும். அப்படியிருக்க, கிடைத்த வகைகளை மலையிலிருந்து தோண்டி எடுத்த கனிமங்களைப்போல் காட்சிக்கு வைப்பது முறையா?

*

இலக்கிய அன்பர்களையும் இங்கே விட்டுவைக்க இயலாது. மலைக்குடிகள் அனைவரும் இயற்கையோடு இயைந்து வாழும் ஒரே குலம், பணத்தாசை அறியாதவர்கள், சாமைக் கஞ்சியும் தேனுமே அவர்கள் வாழ்வு என்று எழுதிக் குவிக்கிறோமே, அதுவும் வகைப்பாடுதான். ஒரே ஒரு வகையை மட்டும் உடைய வகைப்பாடு. வல்வில் ஓரியின் மலை என்று நெகிழ்கிறவர்கள், அதே மலையில் மரவள்ளி லாரிக்காகக் காத்திருக்கும் இளைஞனைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். அவன் வழிதவறிய குறிஞ்சி மகனாம்! நகரத்தில் நாம் தொழில் மாற்றினால் முன்னேற்றம். அவன் பயிர் மாற்றினால் சீரழிவா?

நிலத்தை ஐந்தாக வகுத்த தமிழ்மரபே இதைவிட நெகிழ்வானது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கறாராகப் பிரித்த தொல்காப்பியம் திணைமயக்கத்துக்கும் இடம் கொடுத்தது. ஒரு திணைக்கு உரியது பிறிதொரு திணையில் வந்து கலப்பதைக் குற்றமாக்கவில்லை. கொல்லிமலை விவசாயிகளின் சொந்த வகைப்பாட்டையும் கேட்டுப் பாருங்கள். பெருஞ்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று அவர்கள் பிரிப்பது விதையை. எது விரைவில் முதிரும், எது எந்த மண்ணைத் தாங்கும், எந்த மழைக்கு எதை நம்பலாம் என்று பிரிக்கிறார்கள். மனிதருக்குப் பட்டம் கட்டாமல் முடிவெடுக்க உதவும் வகைப்பாடு அது.

*

எனில் என்ன செய்யலாம்? மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, குடும்பத்தைப் பிரிக்கும் முன் நிலத்தைப் பிரியுங்கள். பள்ளம், மேடு, சரிவு, வீட்டுத்தோட்டம் என ஒவ்வொரு துண்டுக்கும் மண்ணும் நீரும் பாதையும் உரிமையும் எப்படி என்று எழுதுங்கள். மண்ணரிப்பு குடும்பத்தில் நிகழ்வதில்லை, ஒரு குறிப்பிட்ட சரிவில் நிகழ்கிறது. மருந்தும் அந்தச் சரிவுக்கே தேவை.

இரண்டு, ஒருமுறை அளந்து முடிக்காதீர்கள். ஆண்ட்ரூ டோர்வர்டும் அவருடைய தோழர்களும் 2009இல் ஏழைக் குடும்பங்களின் வாழ்வுவழிகளை, பிடித்து நிற்பவை, மேலேறுபவை, வெளியேறுபவை என்று திசையால் பிரித்துக் காட்டினார்கள். இருப்பை அளக்காமல் நகர்வை அளக்கும் இந்த முயற்சி நமக்கு ஏற்புடையதே. ஆனால் நகர்வைக் காண இரண்டு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். எந்த வகைப்பாட்டுக்கும் காலாவதித் தேதி வேண்டும். தேதி கடந்த முத்திரையை வைத்து விதையோ கடனோ மறுக்கப்படலாகாது.

மூன்று, எழுதியதை ஊர்ச்சபையில் படித்துக் காட்டுங்கள். இது கனவன்று. வன உரிமைச் சட்டம் தனது எல்லாக் குறைகளோடும், யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்று தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்திருக்கிறது. உரிமையைப் பேசத் தகுதியுள்ள சபைக்குத் தன்னை வகைபிரிக்கும் தாளைத் திருத்தத் தகுதியில்லையா? ‘என்னை ஏன் கூலிக் குடும்பம் என்று எழுதினீர்கள்? என் மகன் திருப்பூருக்குப் போயிருப்பது இந்தக் காட்டை மீட்கத்தான்’ என்று ஒருவர் எழுந்து சொல்லும்போது, அந்த வகைக்குள் இருந்த உண்மை முதன்முறையாக வெளியே வரும்.

வேலை கூடும், செலவு கூடும், கட்டுரை வெளியாகத் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். வளங்குன்றா வேளாண்மை என்பது பல பத்தாண்டுகளுக்கான பேச்சு. அதை ஒரு பிற்பகல் நேர்காணலில் முடிக்க நினைப்பவர்கள்தான் அவசரக்காரர்கள். இனி எந்த மலைக்கு எந்த வினாப்பட்டியல் போனாலும், அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும்: ‘உங்களைப் பற்றி நாங்கள் எழுதியிருப்பது சரிதானா?’ அதற்கு வரும் விடையையும் கணினியில் இடுங்கள். கொத்துகள் கலையுமானால் கலையட்டும்.